கொட்டாவிக்குக் கை தூக்கியவர்கள்

எலுமிச்சை வரத்து குறைந்து கமிஷன் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை, மழை விட்டும் விடாமலும் இருந்த காலை பத்தேகால் மணிக்கு, ஒரு ஆள் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி வந்து, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தனக்கு முப்பத்தெட்டு வயது, இதற்கு முன் எந்த நோயும் கிடையாது, மூன்று நாளாக வலது காதுக்குள் ரயில் ஓடுகிறது என்று சொன்னார். அவர் முகத்துக்குக் குறுக்கே, இரண்டு கண்ணையும் மறைத்து, ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. துணி கிடையாது, கட்டியதும் கிடையாது, மூக்கு மாதிரி அதுவும் முகத்திலேயே இருந்தது. நான் அப்போது கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்த கட்டுரையின் நான்காம் பக்கத்தில் அதே ஆள், அடையாளம் தெரியாமல் இருக்க ஜர்னலில் போடுகிற அதே பட்டையோடு, போட்டோவாக இருந்தார்.

"உக்காருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்கள் ஆபீஸ் புளியங்குடியில் பலவேசம் அண்ணாச்சியின் எலுமிச்சை கமிஷன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நான் அந்த வருசம் ஆனி மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போச்சு. மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. ஒரே பாடத்தை ரெண்டு தடவை படிக்க எனக்குப் பொறுமை கிடையாது. வேலை என்னவென்றால், உலகத்தில் இருக்கிற டாக்டர்கள் எல்லாம் தாங்கள் பார்த்த நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதி மருத்துவ ஜர்னல்களில் போடுகிறார்கள். போட்டால் போதுமா, நாளைக்கு அதே நோயோடு ஒருத்தர் வந்து நின்றால், தேடுகிற இன்னொரு டாக்டர் கையில் அது அகப்படணும்ல? அதற்கு ஒரு பெரிய தேடுபட்டியல் உண்டு. அதை ஏதோ ஒரு வெளியூர்த் தலைமை ஆபீஸ் வைத்திருக்கிறது. அவர்கள் கொடுத்த முப்பதாயிரம் தலைப்புகளில் இருந்து, இது இன்ன நோய், இன்ன உறுப்பு என்று எடுத்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒட்டுவோம். கூடவே ஆண், பெண், குழந்தை, முதியவர், விலங்கு, மனிதர் என்று வரிசையாக இருக்கிற பெட்டிகளில் டிக் போடுவோம். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு அறுபது கட்டுரை.

இதில் 'மனிதர்' பெட்டிதான் ரொம்ப மறக்கும். பத்துப் பக்கமும் ஒரு மனிதரைப் பற்றியே படித்துவிட்டு, அவர் மனிதர்தான் என்று தனியாக வேறு சொல்லணுமா என்று கை அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் தேடுகிற டாக்டர்கள் முதலில் அந்தப் பெட்டியை வைத்துத்தான் எலியையும் முயலையும் தள்ளிவிட்டுத் தேடுவார்கள். "மனுசனை மனுசன்னு குறிக்க மறக்கிறதுதான் நம்ம ஆபீஸ்ல அதிகம் நடக்கிற தப்பு" என்று எங்கள் மேலாளர் செய்யது சார் மாதாமாதம் மீட்டிங்கில் சொல்வார். நாங்கள் தலையாட்டிவிட்டு மறுநாளும் மறப்போம்.

அந்த முப்பத்தெட்டுக்கு நான் 'காது இரைச்சல்' ஒட்டி, ஆண், நடுவயது, மனிதர் என்று டிக் போட்டு, அனுப்பு என்று அழுத்தினேன். அவர் எழுந்து, "கூப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். பக்கத்து சீட்டு எப்சிபா அக்கா, விலங்கியல் படித்தவள், எனக்குப் புரியாத நோய்ப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்கிறவள், அதுவரைக்கும் வாயில் வைத்திருந்த பேனாவை எடுத்து, "ஏட்டி தாயி, அடுத்தது எனக்கு வெண்குஷ்டம். வந்தா உக்கார இடம் இருக்கா பாரு" என்றாள்.

அன்றிலிருந்து கட்டுரையைத் திறந்தால் ஆள் வந்தார்கள். போலந்தில் இருந்தும் பெருவில் இருந்தும் கும்பகோணத்தில் இருந்தும் வந்தார்கள், ஆறு விரல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஊசியை விழுங்கிவிட்டு வந்தார்கள், சிரித்தால் மயங்கி விழுகிறவர்கள் சிரிக்காமல் வந்தார்கள், போட்டோ போட்டிருந்தால் பட்டையோடும் போடாவிட்டால் சும்மாவும் வந்தார்கள். என்ன பாஷை பேசினார்கள் என்று கேட்காதீர்கள். எப்சிபா அக்கா இங்கிலீஷ் என்பாள், பலவேசம் அண்ணாச்சி நம்ம பாஷைதான் என்பார், எனக்குப் பாடப்புத்தகத் தமிழ் மாதிரி காதில் விழுந்தது. அவர்களுக்குப் பெயர் கிடையாது, ஏனென்றால் கட்டுரையில் பெயர் போட மாட்டார்கள். கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் தெரியும். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "அது பதிவு செய்யப்படவில்லை" என்பார்கள். அதனால் வயதைச் சொல்லிக் கூப்பிட்டோம். தலைப்பு ஒட்டி அனுப்பியதும், எல்லோரும் அதே "கூப்பிட்டாங்க" சொல்லிவிட்டு, அந்தத் தலைப்புக்காரர்கள் கூடியிருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வரத்து இல்லாத காலத்தில் ஒரு லாரி லோடு வந்த மாதிரி எடுத்துக்கொண்டது. பலவேசம் அண்ணாச்சி ஒரு பெரிய பெஞ்சு வாங்கி மாடிக்கு ஏற்றிவிட்டார். கடையில் தேங்கிய பழத்தையெல்லாம் பிழிந்து வந்தவர்களுக்கு சர்பத் கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் சர்க்கரையா உப்பா என்று கேட்டால் அதுவும் பதிவு செய்யப்படவில்லை என்பார்கள், அதனால் கீழே இருந்து சத்தம் போடுவார்.

"ஏட்டி தாயி! அம்பத்திரண்டுக்கு சர்க்கரையா உப்பா?"

நான் கட்டுரையில் தேடிப் பார்த்து, "சுகர் இல்ல அண்ணாச்சி, ஆனா பிரஷர் இருக்கு. சர்க்கரையே போடுங்க" என்பேன்.

"பத்தொம்பது?"

"அதுக்கு எதுவுமே எழுதல."

"எழுதலன்னா ரெண்டையும் போடுதேன், பய குடிக்கட்டும்."

கிராம நிர்வாக அலுவலர் வந்து எல்லோரிடமும் ஆதார் கார்டு கேட்டார். அவர்கள் கட்டுரை எண்ணைச் சொன்னார்கள். அவர் அதையே நோட்டில் எழுதிக்கொண்டு, ஒரு சர்பத் குடித்துவிட்டுப் போனார். முப்பிடாதி அம்மன் கோயில் கொடை விழாவில் பிரசாதம் வாங்க வயது சொல்லி வரிசை விட்டார்கள். தெருப்பிள்ளைகள் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு, "எனக்கு ஏழு வயசு, ரெண்டு நாளா வாந்தி" என்று விளையாடி முட்டிக்கொண்டார்கள். ஒரு அக்கா தன் புருசனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இந்த மனுசன் என்ன நோயின்னு ஒரு டாக்டருக்கும் தெரியல, உங்க லிஸ்ட்ல எங்கயாச்சும் சொருகி விடுங்க" என்றாள். அவருக்கு வேலைக்குப் போகாத நோய் என்று படிக்கட்டில் நின்றவர்களே சொன்னார்கள்.

ஒரே ஒரு தடவைதான் கெட்டது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து அப்புறம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. கட்டுரைகள் கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கெடு. கெடு முடிந்ததும் தலைமை ஆபீஸ் கட்டைப் பூட்டிவிடும். கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் போன கரண்ட் சாயங்காலம்வரை வரவில்லை. இருபத்தாறு வயசுப் பையன் ஒருத்தன் பெஞ்சில் தலைப்பு இல்லாமல் உட்கார்ந்திருந்தான். ஐந்து மணிக்குக் கட்டைப் பூட்டிவிட்டார்கள். அவன் ஜெராக்ஸ் எடுத்ததையே ஜெராக்ஸ் எடுத்தால் வெளுக்குமே, அப்படி வெளுத்துக்கொண்டே போனான். சட்டை போனது, கால் போனது, "கூப்பிடலையே" என்றான், வாய் போனது. கடைசியில் பெஞ்சுமேல் அந்தக் கறுப்புப் பட்டை மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கிடந்தது. செய்யது சார் அதைக் கைக்குட்டையில் மடித்துத் தன் மேசை டிராயரில் வைத்தார். அதற்கப்புறம் யாரும் அந்த டிராயரைத் திறக்கவில்லை.

மார்கழி முதல் வியாழக்கிழமை அறுபத்தொன்று வந்தார்.

போட்டோ இல்லாத கட்டுரை, அதனால் முகத்தில் பட்டை இல்லை. அறுபத்தொரு வயதுப் பெண், வலது கைப் பழக்கம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் என்று கட்டுரையில் இருந்தது. மூளையில் ரத்தம் அடைத்து இடது கை விழுந்துவிட்டது. அந்தக் கையை அவரால் ஒரு அங்குலம்கூட நகர்த்த முடியாது. ஆனால் கொட்டாவி வந்தால் அந்தக் கை தானாக எழும்பும். மெதுவாக, காதுக்கு மேலே, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் போகிற மாதிரி போகும். கொட்டாவி முடியும்வரை அங்கேயே நிற்கும். முடிந்ததும் பொத்தென்று மடியில் விழும்.

நான் அவசரத்தில் 'கொட்டாவி' என்ற தலைப்பை ஒட்டி அனுப்பினேன். "கூப்பிட்டாங்க" என்று போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"என்ன, வந்துட்டீங்க?"

"அங்கே எல்லோருக்கும் தூக்கம் வருகிறது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், மாசமாக இருக்கிறவர்கள். என் கை எழும்புகிறது என்றேன். சரி, இறக்குங்கள் என்றார்கள்."

வெள்ளிக்கிழமை எப்சிபா அக்கா 'பக்கவாதம்' ஒட்டிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"ஐம்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் ஐந்து லட்சம் பேர். நிற்க இடமில்லை. நான் கொட்டாவி விட்டால் எனக்கே என் கை தெரியவில்லை."

திங்கட்கிழமை செய்யது சாரே உட்கார்ந்து 'தன்னிச்சை அசைவுகள்' ஒட்டினார். சாயங்காலம் அறுபத்தொன்று திரும்பி வந்தார்.

"அங்கே எல்லோருக்கும் ஓயாமல் ஆடுகிறது. என் கைக்கு வேலையே கொட்டாவிக்கு மட்டும்தான். சும்மா நிற்கிறவளுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள்."

இடையில் அவர் சும்மா இருக்கவும் இல்லை. கண்டக்டர் இல்லையா, படிக்கட்டில் நின்றுகொண்டு மேலே வருகிற நோயாளிகளை "உள்ள போங்க, உள்ள போங்க, பெஞ்சுல இடம் இருக்கு" என்று ஏற்றிவிடுவார். பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்களைப் பார்த்துப் பார்த்து மூன்றே நாளில் "போலாம், ரைட்" சொல்லக் கற்றுக்கொண்டார். கட்டுரையில் இல்லாத ஒன்றை வந்தவர்களில் ஒருத்தர் கற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்குச் சீக்கிரம் யாரையும் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை செய்யது சார் எங்களைக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவுக்கு இருக்கிற தலைப்பு எதுவும் சேராது. புதுத் தலைப்பு கேக்கணும். தலைமை ஆபீஸ்ல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு ஆளுன்னா அதிசயம், ரெண்டு ஆளுன்னா தற்செயல், மூணு பேரு இருந்தாத்தான் தலைப்பு. மூணு கட்டுரை வேணும், வேற வேற ஊர்ல இருந்து."

"இவங்க கட்டை எப்ப சார் பூட்டுவாங்க?"

"வெள்ளி அஞ்சு மணி."

மூன்று நாள். நான் பெஞ்சைப் பார்த்தேன். அவர் ஒரு குழந்தைக்கு இருமல் வராதபடி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்காவது ஒரு பட்டை மிஞ்சியது. இவருக்கு அதுவும் இல்லை. வெளுத்துப் போனால் மடித்து வைக்க ஒன்றும் இருக்காது.

நானும் அக்காவும் பழைய கட்டுரைகளைத் தோண்டினோம். கொட்டாவி என்று தேடினால் பதினோராயிரம். கை என்று தேடினால் முடிவே இல்லை. புதன்கிழமை மத்தியானம் என் பொறுமை தீர்ந்துபோனது. பொறுமை தீர்ந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"அக்கா, கொட்டாவி ஒருத்தர் விட்டா பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் வரும்ல?"

"வரும். நீ சொன்னதுக்கே எனக்கு வருது பாரு" என்று வாயைப் பிளந்தாள்.

"அப்ப இவங்கள மறுபடியும் அந்தப் பக்கவாதக் கூட்டத்துக்குள்ள அனுப்புவோம். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் டிக்கெட் போடுற மாதிரி நடந்துகிட்டே கொட்டாவி விடட்டும். எவனுக்குக் கை தூக்குதோ, அவனைக் கூட்டிட்டு வரட்டும்."

எப்சிபா அக்கா பிளந்த வாயை மூடவில்லை. "தெரிஞ்சே தப்புத் தலைப்பா? கறுப்புப் புள்ளி வைப்பாங்கட்டி. உனக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்கு. மூணு ஆச்சுன்னா வீட்டுக்குத்தான்."

"ரெண்டுதானக்கா ஆகும்" என்று சொல்லிவிட்டு ஒட்டி அனுப்பினேன்.

அறுபத்தொன்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு (புடவை எப்சிபா அக்கா கொடுத்தது) போனார். புதன் போய் வியாழன் வந்தது. வியாழன் பதினொரு மணிக்குப் படியில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு ஆள், கண்ணில் பட்டை, நாற்பத்துநாலு வயது, வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆறாவது மணி நேரத்தில் கிடைத்தார்" என்றார் அறுபத்தொன்று. "கூட்டத்தில் ஒரு கை தனியாக மேலே தெரிந்தது. அப்புறம் அந்தக் கோடி வரைக்கும் போய்ப் பார்த்தோம், வேறு கை இல்லை."

நாற்பத்துநாலு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு வலது கை, இவருக்கு இடது கை. அப்படி உட்கார்ந்ததில் விழுந்துபோன இரண்டு கையும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்புறம் அவர் கொட்டாவி விட்டார், இவருக்கும் வந்தது, இரண்டு கையும் சேர்ந்து எழும்பி, ஒரே கம்பியைப் பிடித்த மாதிரி நின்று, சேர்ந்து விழுந்தன.

"எட்டு வருசமாக நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார் நாற்பத்துநாலு.

பலவேசம் அண்ணாச்சி கீழே இருந்து, "புது ஆளுக்கு சர்க்கரையா உப்பா?" என்றார். நான் அந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காதான் சொன்னாள்.

இன்னும் ஒருத்தர் வேண்டும். இந்தத் தடவை கொட்டாவிக் கூட்டத்துக்குள் அனுப்பிப் பார்க்கலாம் என்று நான் விரலை வைக்கப் போனேன். அது எனக்கு மூன்றாவது புள்ளி. வேலை போனால் வீட்டில் மறுபடி கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். பரவாயில்லை என்றுதான் வைத்தேன். பின்னால் நின்ற செய்யது சார் என் நாற்காலியை அப்படியே சக்கரத்தோடு தள்ளிவிட்டு, தன் பெயரில் உள்ளே நுழைந்து, தானே ஒட்டி அனுப்பினார்.

"பதினாலு வருசம் ஒரு புள்ளி கூட இல்லாம இருந்தவன் நான்" என்றார். "அலுத்துப் போச்சு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு பேரும் வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். பதினோராயிரம் பேரையும் பார்த்துவிட்டார்கள். ஒரு கையும் எழும்பவில்லை.

பெஞ்சில் இருந்த மற்ற நோயாளிகள் தள்ளி உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விட்டார்கள். மூன்றரைக்கு நான் பார்த்தபோது அறுபத்தொன்றின் புடவைக் கரை கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். மார்கழியில் அந்த ஜன்னலில் வெயில் வராது. அவரும் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு, "டெர்மினஸ் வந்தால் இறங்க வேண்டியதுதானே தாயி" என்றார். என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இத்தனை நாள் அலைச்சல், அவருக்குக் கொட்டாவி வந்தது. கை எழும்பியது. நாற்பத்துநாலுக்கு வந்தது. அவர் கையும் எழும்பியது. அப்புறம் பெஞ்சு முழுக்க வந்தது, ஊசி விழுங்கினவருக்கு வந்தது, ஆறு விரல் குழந்தைக்கு வந்தது, எப்சிபா அக்காவுக்கும் செய்யது சாருக்கும் எனக்கும் வந்தது. படிக்கட்டில் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே கடைக்குப் போனது, பலவேசம் அண்ணாச்சிக்கு வந்து அவர் கண்ணில் நீர் முட்டியது, மூட்டை தூக்குகிற பையன்களுக்கு வந்தது. உடனே கீழே ஒரே சிரிப்பு.

"மாமா! யாருக்கு டாட்டா காட்டுறீய?"

நான் படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கினேன்.

கடை ஓரத்தில், படிக்கட்டுக்கு அடியில், முப்பிடாதி மாமா சாக்குமேல் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கியவர். பக்கவாதம் வந்து இடது கை போனபிறகு, வலது கையால் பெரிய காய் சின்னக் காய் பிரித்துப் போடுகிறவர். நான் சேர்ந்த நாளில் இருந்து அங்கேயேதான் இருந்தார். தினமும் அவரைத் தாண்டித்தான் மேலே போவேன். அவருடைய விழுந்துபோன இடது கை தலைக்கு மேலே நின்றது, விரலிடுக்கில் ஒரு எலுமிச்சை இலை ஒட்டிக்கொண்டு.

"மாமா, இது எத்தனை நாளா?"

அவர் கையை இறக்கப் பார்த்தார், கொட்டாவி முடியாமல் அது இறங்கவில்லை. "ஆரம்பத்துல இருந்து இருக்கு தாயி. இந்தப் பயலுவ கேலி பண்ணுதானுவன்னு கொட்டாவி வந்தா மூட்டைக்குப் பின்னாடி போயிருவேன். இன்னைக்கு திடீருன்னு வந்துட்டு."

"எந்த டாக்டராவது பாத்தாங்களா?"

"திருநெல்வேலி ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டரம்மா பாத்துச்சு. பத்து தடவ கொட்டாவி விடச் சொல்லி வீடியோ எடுத்துச்சு. கையெழுத்தும் வாங்கிச்சு. கை சரியாவும்னு நெனச்சேன். ஆவல."

நாங்கள் அவரைப் பிடித்து மேலே ஏற்றினோம். அந்த மாடிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஊர், வருசம், ஐம்பத்தாறு வயது, ஆண் என்று தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். இல்லை. எப்சிபா அக்கா எட்டிப் பார்த்து, "அந்த 'மனிதர்' டிக்கை எடுத்துட்டுத் தேடுட்டி" என்றாள்.

எடுத்தேன். வந்தது. எலிகளுக்கும் முயல்களுக்கும் நடுவில் மாமாவின் கட்டுரை இருந்தது. ஒட்டியிருந்த தலைப்பு 'பக்கவாதம்'. ஆண் டிக் இருந்தது, நடுவயது டிக் இருந்தது. மனிதர் பெட்டி காலியாக இருந்தது. குறித்தவர் பெயர் என்று கடைசி வரியில் என் பெயர் இருந்தது. ஆனி மாதம், நான் சேர்ந்த மூன்றாவது நாள். ஆட்கள் வர ஆரம்பிப்பதற்கு முன்னால்.

எனக்கு மழுப்பத் தெரியாது. "மாமா, தப்பு என்னுது. உங்களை மனுசன்னு குறிக்க மறந்துட்டேன். ஆறு மாசமா" என்றேன்.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான பாத்தேன்" என்றார். "இந்த ஆறு மாசமா வீட்டுல ஒருத்தரும் என்னைய ஒரு மனுசனா மதிக்கல. நானும் என்னத்த செஞ்சிட்டோம்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."

அக்கா சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை; பெட்டியில் டிக் போட்டேன். இவ்வளவு நாளில் நான் போட்ட டிக்கிலேயே அதைத்தான் நன்றாகப் பார்த்துப் போட்டேன்.

"சார், இது என் மூணாவது புள்ளி" என்றேன்.

"பழைய தப்பை அவங்கவங்களே கண்டுபிடிச்சா புள்ளி கிடையாது. ரூல்ல இருக்கு" என்றார் செய்யது சார்.

"எந்த ரூல்ல?"

"இப்ப எழுதுறேன், இரு."

நாலு பன்னிரண்டுக்கு மூன்று கட்டுரையும் தலைமை ஆபீசுக்குப் போனது. நாற்பத்துநாலும் மாமாவும் அறுபத்தொன்றுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். புடவைக் கரை வெளுத்து முழங்கால்வரை வந்துவிட்டது. பலவேசம் அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்து, எதற்கென்று தெரியாமல் ஒரு கூடை எலுமிச்சையைப் பெஞ்சடியில் வைத்தார். படிக்கட்டு நிறைய ஆள். நாலு முப்பது. நாலு நாற்பது. மாமா தன் வலது கையால் அந்தம்மாவின் விழுந்த கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார், அது வெளுத்துவிடாமல் பிடிக்கிற மாதிரி.

நாலு நாற்பத்தாறுக்குப் பதில் வந்தது. வாழ்த்து கீழ்த்து ஒன்றும் இல்லை. முப்பதாயிரத்து ஒன்றாவது தலைப்பாக ஒரு வரி மட்டும் இருந்தது: கொட்டாவியில் எழும் கை.

ஒட்டினேன். மூன்று பேருக்கும் ஒட்டினேன். எல்லாப் பெட்டியையும் இரண்டு தடவை பார்த்தேன். ஒரே பாடத்தை ரெண்டு தடவை படிக்காதவள் பார்த்தேன். அனுப்பினேன்.

புடவைக் கரையில் சிவப்பு திரும்பி ஏறியது. அறுபத்தொன்று எழுந்தார்.

"கூப்பிட்டாங்க" என்றார்.

நாற்பத்துநாலும் எழுந்தார். மாமாவும் எழுந்தார், எழுந்துவிட்டு, "எனக்கும் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கு, ஆனா வீட்டுல இருந்து" என்றார். வாசலில் அவருடைய மருமகள் தூக்குவாளியோடு நின்றாள். "மாமா, மத்தியானம் சாப்பிடாம வந்துட்டீயளே" என்றாள். அவள் அந்தக் கடைக்கு வந்ததை யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

செய்யது சார் டிராயரைத் திறந்தார். மடித்த கைக்குட்டையை எடுத்துவந்து அறுபத்தொன்றின் வலது கையில் வைத்தார்.

"இந்தப் பையனையும் போற வழியில எங்கயாவது சேத்துருங்கம்மா. காய்ச்சல்காரங்க பக்கம் இருந்தாலும் சரி. தனியா இருக்கக் கூடாது."

அவர் கைக்குட்டையைப் பிரித்து அந்த ஒரு விரல் நீளப் பட்டையைப் பார்த்தார், மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சின்ன லக்கேஜ்தானே. இதுக்கு டிக்கெட் கிடையாது" என்றார்.

படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவருக்குக் கொட்டாவி வந்தது. அவர் கை எழும்பியது, பின்னால் வந்த நாற்பத்துநாலின் கை எழும்பியது, சாக்கில் உட்கார்ந்து வாளியைத் திறந்துகொண்டிருந்த முப்பிடாதி மாமாவின் கை எழும்பியது, இந்தத் தடவை மூட்டைக்குப் பின்னால் போகாமல் எல்லோர் முன்னாலும் எழும்பியது. மூட்டை தூக்குகிற பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் ஒவ்வொருத்தனாகக் கையைத் தூக்கினார்கள். தெரு முனை திரும்புகிறவரைக்கும் யாரும் இறக்கவில்லை.

"போலாம், ரைட்!" என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் எனக்கு வழக்கம்போல அறுபது கட்டுரை காத்திருந்தது. இப்போதெல்லாம் ஒரு கட்டுரையைத் திறந்ததும், ஒரு வரி படிப்பதற்கு முன்னாலேயே, மனிதர் பெட்டியில் முதலில் டிக் போட்டுவிடுகிறேன். எலியாக இருந்தால் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.